குண்டூசிப் பாதை, ஊசிப் பாதை

மினோ ஒரு சின்ன ஊர். பிரான்ஸின் புர்கோஞ் பிரதேசத்தில், அதன் பேர்போன ஒயின் தோட்டங்களிலிருந்து விலகி, வடக்கே ஷாத்தியோனே என்ற சுண்ணாம்புப் பாறை மேட்டு நிலத்தில் இருக்கிறது. சுற்றிலும் காடு. சில நூறு ஜனங்கள். சரித்திரப் புத்தகத்தில் ஏற்றும்படியாக அங்கே யாரும் பிறந்ததாகவோ எந்தச் சண்டையும் நடந்ததாகவோ தெரியவில்லை. இந்த ஊரைப் பற்றி இங்கே எழுத எனக்கு இருக்கும் காரணம், அங்கே நான்கு பெண்கள் போய்ப் பல வருஷங்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதுதான்.

1960களின் பிற்பகுதி. லெவி-ஸ்ட்ராஸ் 1960ல் நிறுவிய சமூக மானிடவியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் அந்த நால்வர்: இவோன் வெர்தியே, ஃப்ரான்ஸ்வாஸ் ஸொனபாண், மரி-க்ளோத் பேங்கோ, தினா ஜோலாஸ். மானிடவியல்காரர் என்றால் அமேஸானுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ கப்பலேறுவதுதான் அன்றைய வழக்கம். பாரிஸிலிருந்து ரயிலும் பஸ்ஸும் பிடித்துப் போகக்கூடிய ஊரில் உட்கார்ந்து, கிழவிகளிடம் பன்றி இறைச்சி பற்றியும் துணி வெளுப்பது பற்றியும் விசாரிப்பது அப்போது கொஞ்சம் கௌரவக் குறைவான காரியமாகவே பட்டிருக்க வேண்டும். பேங்கோ புர்கோஞ் விவசாயிகளைப் பற்றிய தன் புத்தகத்தை 1978ல் வெளியிட்டார். 1979ல் வெர்தியே, பெண்கள் சொல்லும் விதமும் செய்யும் விதமும் பற்றி. 1980ல் ஸொனபாண், ஊரின் நீண்ட ஞாபகத்தைப் பற்றி. பத்து வருஷம் கழித்து, 1990ல், நால்வர் எழுதியதும் சேர்ந்த ஒரு தொகுப்பு.

தினா ஜோலாஸ் என்ற பெயர் நம்மில் சிலரை நிமிர வைக்கும். ‘டிரான்ஸிஷன்’ நடத்திய யூஜீன் ஜோலாஸின் மகள் அவர். பின்னால் ‘ஃபின்னகன்ஸ் வேக்’ ஆன ஜாய்ஸின் பகுதிகளைத் தவணை தவணையாக அச்சிட்டதும், 1929ல் சொல்லின் புரட்சி என்று பிரகடனம் செய்ததும் அந்தச் சிறு பத்திரிகைதான். அதன் இதழ்களில் சில தயாரானது கொலொம்பே என்ற கிராமத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டில். அதே வீட்டைத்தான் 1934ல் தெ கோல் விலைக்கு வாங்கினார். தினா கவிஞர் ஆந்த்ரே துபூஷேயை மணந்தவர். பிற்காலத்தில் ரெனே ஷாருடன் சேர்ந்து பல மொழிக் கவிதைகளை பிரெஞ்சில் மொழிபெயர்த்து 1981ல் ஒரு தொகுதி கொண்டுவந்தார். சொல்லை உடைத்துப் பார்த்த ஒரு தகப்பனின் மகள், ஒரு மூலைக் கிராமத்தில் சொற்கள் எப்படி உடையாமல் இருக்கின்றன என்று கேட்கப் போனார் என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் அப்படி எழுதுவது அழகுக்காகத்தான். அவர் போனது வேலைக்கு.

பிரெஞ்சு இலக்கியத்தில் கிராமம் ஏற்கெனவே ஏராளமாக இருந்தது. 1846ல் ஜார்ஜ் ஸாண்ட் எழுதிய உழவர்கள் நல்லவர்கள், அடக்கமானவர்கள். 1887ல் ஸோலா ‘நிலம்’ நாவலில் எழுதியவர்கள் அரை ஏக்கருக்காக எதையும் செய்யத் துணிந்த மிருகங்கள். பால்ஸாக், புர்கோஞ்சையே களமாக வைத்து, பிரபுவின் எஸ்டேட்டைக் கறையான் போல அரிக்கும் குடியானவர்களை எழுதியிருந்தார். மூவரும் பெரியவர்கள்தான். ஆனால் மூவருக்குமே கிராமம் என்பது ஒரு வாதத்துக்கான சாட்சி. விவசாயி வாயைத் திறந்தால் ஆசிரியரின் கட்சிக்குச் சாதகமாகவோ பாதகமாகவோதான் பேசுவான். உப்புக்கண்டத் தொட்டியை எங்கே வைத்தார்கள், யார் அதைத் திறக்கலாம், யார் கூடாது என்று கேட்க அவர்களுக்கு நேரம் இல்லை.

வெர்தியே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார். குளிர் காலத்தில் வீட்டுக்கு வீடு பன்றி அடிப்பார்கள். கொல்வது ஆணின் வேலை. இரத்தத்தை ஏந்துவதும், குடலைக் கழுவி அதில் இரத்தத்தை அடைத்துச் சமைப்பதும் பெண்களின் வேலை. இறைச்சியை உப்பிட்டுத் தொட்டியில் அடுக்கினால் வருஷம் பூராவும் வரும். தூரமான பெண் மட்டும் அந்தத் தொட்டிப் பக்கம் போகக் கூடாது. போனால் இறைச்சி கெட்டுவிடும். மினோவில் இதை யாரும் ரகசியமாகச் சொல்லவில்லை. எல்லாரும் அறிந்த, ஒரு வருஷத்துச் சாப்பாடு சம்பந்தப்பட்ட விஷயம்.

நம் வீட்டு ஊறுகாய் ஜாடி இங்கே ஞாபகத்துக்கு வராமல் போகாது. ‘அங்கேயும் தீட்டு உண்டு போலிருக்கிறது’ என்று திருப்திப்பட்டுப் புத்தகத்தை மூடிவிடலாம். வெர்தியே மூடவில்லை. இந்தச் சொல்லை மூட நம்பிக்கை என்று தள்ளாமல், அப்படியே நம்பவும் செய்யாமல், இதே வீட்டில் இதே பெண்கள் வேறு என்னென்ன சொல்கிறார்கள், என்னென்ன செய்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். ஒரு பெண்ணின் உடம்பின் காலமும், வீட்டுப் பண்டங்களின் காலமும், நிலவின் காலமும் ஒன்றோடொன்று கோத்துக் கிடந்தன. அந்தக் கோர்வையைப் பிரித்துப் பார்ப்பதுதான் அவர் புத்தகம்.

ஒரு பெண் குழந்தை முதலில் மாடு மேய்க்கப் போனாள். சும்மா போகக் கூடாது, கையில் பின்னல் ஊசியும் கம்பளி நூலும் இருக்க வேண்டும். பிறகு பள்ளிக்கூடத்தில், சுமார் பன்னிரண்டு வயதில், ஒரு சதுரக் கித்தான் துணியில் சிவப்பு நூலால் எழுத்துக்களையும் எண்களையும் கிராஸ் ஸ்டிச்சில் போட்டு முடிப்பாள். எழுத்து வரிசை, எண் வரிசை, கடைசியில் அவள் பெயர். பின்னால் தன் சீர் துணிகளில், படுக்கை விரிப்பு, துவாலை ஒவ்வொன்றிலும், தன் முதலெழுத்துக்களை இதே சிவப்பு நூலால் போடப் போகிறாள். இது அதற்கான பயிற்சி. அந்த வயதையும் அந்த நிறத்தையும் வெர்தியே சேர்த்து வைத்துப் பார்க்கிறார். நாம் பாடப் புத்தகத்தில் காணும் எழுத்தை, அந்தப் பெண்கள் துணியில் குத்திக் குத்திக் கற்றிருக்கிறார்கள்.

பதினைந்து வயதில் ஒரு குளிர் காலம் தையற்காரியின் வீட்டுக்கு அனுப்புவார்கள். தொழில் கற்க அல்ல. அங்கே அவள் செய்யும் முக்கியமான வேலை, தரையில் சிதறிய குண்டூசிகளைப் பொறுக்குவது. ஆனால் பொறுக்கும்போது காதில் விழுவதுதான் பாடம்: யார் யாரைப் பார்க்கிறார்கள், எப்படி உடுத்தினால் எப்படி இருக்கும், எது அளவு, எது அளவு மீறல். முரட்டு வேலையில் வளர்ந்த பெண் அந்த ஒரு பருவத்தில் இடுப்புக்கும் தோளுக்கும் ஒரு பாஷை இருப்பதைத் தெரிந்துகொள்கிறாள். குண்டூசி காதலின் சாமானும்கூட. பையன்கள் பெண்களுக்குப் பரிசாகக் கொடுத்தது அதைத்தான். புருஷன் வேண்டிப் பெண்கள் சுனையில் போட்டதும் அதைத்தான். மணப்பெண்ணுக்கு உடை தைப்பவளும், கல்யாணத்தன்று அதை அவளுக்கு உடுத்திவிடுபவளும் தையற்காரிதான். மணப்பெண்ணின் உடை விளிம்பில் தன் தலைமயிர் ஒன்றை வைத்துத் தைத்துவிட்டால் தனக்கும் வரன் அமையும் என்று தையல் வேலை செய்யும் பெண்கள் நம்பினார்கள்.

கல்யாண விருந்துக்கு ஒரு சமையற்காரி வருவாள். அவளும் ஊரில் தனி ஸ்தானம் உள்ளவள். முதலிரவு முடியும் சமயத்தில் இளவட்டங்கள் கதவை உடைக்காத குறையாக உள்ளே புகுந்து, புது மூத்திரச் சட்டி ஒன்றில் ஒயினும் சாக்லேட்டும் பிஸ்கட்டும் கலந்து கொண்டுவந்து தம்பதிகளைக் குடிக்க வைப்பார்கள். பார்வைக்கு என்னவாகத் தோன்ற வேண்டுமோ அப்படித் தோன்றும்படிதான் அதைத் தயாரிப்பது. இதைப் படித்து முகம் சுளிக்கும் நண்பர்கள், மறுநாளிலிருந்து அந்தப் பெண் வாழ்நாள் பூராவும் யாருடைய மலத்தையும் மூத்திரத்தையும் அள்ளப் போகிறாள் என்று யோசிக்கட்டும்.

மூன்றாமவள் ஒருத்தி. அவளுக்கு மினோவில் தொழிற்பெயர்கூட இல்லை. ‘உதவுகிறவள்’ என்றே சொன்னார்கள். பிறந்த குழந்தையை முதலில் குளிப்பாட்டுகிறவளும், இறந்தவரைக் கடைசியாகக் கழுவி உடுத்துகிறவளும் ஒரே பெண். இந்த இரண்டு கழுவல்களுக்கும் நடுவில் ஊரின் துணி வெளுப்பு. பழைய நாளில் பெரிய வெளுப்பு வருஷத்துக்கு இரண்டு முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும். தொட்டியில் துணியை அடுக்கி, மேலே மரச்சாம்பலைப் பரப்பி, சுடுநீரை ஊற்றி ஊற்றி வடித்து எடுப்பார்கள். நம் வெள்ளாவியின் ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று நாள் வேலை. பிரான்ஸின் பல இடங்களில் அந்த மூன்று நாளைக்கும் பெயர் உண்டு. ஊறவைக்கும் நாள் பாவம் கழியும் இடம், காய்ச்சும் நாள் நரகம், ஆற்றில் அலசும் நாள் சொர்க்கம். பெரிய வெள்ளிக்கிழமை துணி வெளுப்பவள் பிணத்துக்குப் போர்த்தும் துணியை வெளுக்கிறாள் என்று சொல்வார்கள். பாதிரியாரின் நரகம் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் இருந்தது. பெண்களின் நரகத்தில் விறகு எரிந்தது, கை வெந்தது.

இவ்வளவும் ஒரு வட்டாரத்துச் செய்திக் குறிப்புகளாக நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். வெர்தியே மினோவில் கற்றதை வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் தெரிந்த ஒரு கதையைத் திறந்தார். சிவப்புக் குல்லாய்ச் சிறுமியின் கதை.

நாம் அறிந்த கதை பெரோ 1697ல் அச்சிட்டதும், கிரிம் சகோதரர்கள் 1812ல் வேட்டைக்காரனைச் சேர்த்து நல்லபடியாக முடித்ததும்தான். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புர்கோஞ்சுக்கு அடுத்த நிவெர்னே பகுதியில் அஷீல் மில்லியேன் என்பவர் கிராமத்து வாய்மொழியாகக் கேட்டுப் பதிவு செய்தது வேறு கதை. குல்லாய் இல்லை. ரொட்டியும் பாலும் எடுத்துக்கொண்டு போகும் பெண்ணை வழி பிரியும் இடத்தில் ஓநாய் மனிதன் சந்திக்கிறான். எந்தப் பாதையில் போகிறாய், ஊசிப் பாதையா, குண்டூசிப் பாதையா என்று கேட்கிறான். அவள் ஒன்றில் போகிறாள், அவன் மற்றதில். முந்திப் போய்ப் பாட்டியைக் கொன்று, மாமிசத்தைப் பெட்டியிலும் இரத்தத்தை ஒரு புட்டியிலும் எடுத்து வைக்கிறான். வந்த பெண் அதை உண்கிறாள், குடிக்கிறாள். பூனை ஒன்று அவளைத் திட்டுகிறது. அவள் உடுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நெருப்பில் போட்டுவிட்டு அவனருகே படுக்கிறாள். கடைசியில், வெளியே போக வேண்டும் என்று சொல்லி, காலில் அவன் கட்டிய கயிற்றை ஒரு மரத்தில் மாற்றிக் கட்டிவிட்டுத் தப்பி ஓடுகிறாள்.

படித்த மகான்கள் இந்தக் கதையை என்ன பாடுபடுத்தியிருக்கிறார்கள்! எரிக் ஃப்ரம் 1951ல் சிவப்புக் குல்லாய் மாதவிலக்கின் குறியீடு என்றார். பெட்டல்ஹைமும் சிவப்பைப் பிடித்துக்கொண்டு தன் பங்குக்கு எழுதினார். குல்லாய் பெரோவின் காலத்துக்கு முன்னால் வாய்மொழியில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்பதை 1984ல் சரித்திரக்காரர் ராபர்ட் டார்ன்டன் எடுத்துக்காட்டிக் கேலி செய்தார். கேலி நியாயமானதுதான். ஆனால் வேடிக்கை என்னவென்றால், அதற்குச் சில வருஷங்கள் முன்பே வெர்தியே அதே பொருளுக்கு வேறு வாசல் வழியாக வந்து சேர்ந்திருந்தார். குல்லாயைத் தொடாமல், மற்றவர்கள் பிதற்றல் என்று விட்டுவிட்ட குண்டூசியையும் ஊசியையும் எடுத்துக்கொண்டார்.

குண்டூசிக்குக் காது கிடையாது. தற்காலிகமாகப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். அது தையற்காரி வீட்டுக் குளிர் காலம், கன்னிப் பருவம். ஊசிக்குக் காது உண்டு, நூல் நுழையும். அது வளர்ந்தவளின் சாமான். பாட்டியின் மாமிசமும் இரத்தமும் தனித்தனியாக எடுத்து வைக்கப்படுவது, பன்றி அடிக்கும் நாளில் பெண்கள் பார்த்துப் பழகிய காரியம். பேத்தி வயதுக்கு வரும்போது பாட்டிக்கு இருந்த ஒரு சக்தி அவளுக்கு மாற வேண்டும். ஒரு வீட்டில் அது இருவரிடமும் சேர்ந்து இருக்க முடியாது. கதை அதை மென்மையாகச் சொல்லவில்லை, பாட்டியைத் தின்ன வைத்துச் சொல்கிறது. சில பாடங்களில் ஓடும் பெண்ணை ஆற்றங்கரையில் துணி துவைக்கும் பெண்கள் காப்பாற்றுகிறார்கள். ஒரு விரிப்பை ஆற்றின் குறுக்கே பிடித்து அவளை நடந்து கடக்க விடுகிறார்கள். துரத்தி வந்தவன் ஏறியதும் விரிப்பை விட்டுவிடுகிறார்கள். குழந்தையையும் பிணத்தையும் கழுவுகிறவள் யார் என்று தெரிந்த பிறகு, அந்தப் பெண்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

பெரோ ஓநாயை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எடுத்துவிட்டார். எஞ்சியது, அந்நியனிடம் பேசாதே என்ற புத்திமதி. ஒரு கதையிலிருந்து குண்டூசியை எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று அவர் நினைத்திருக்கலாம். நாட்டுப்புறக் கதைகளைத் ‘திருத்தி’ வெளியிடுகிறவர்கள் எல்லாருமே அப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஆனால் எனக்கு இதில் ஒரு தகராறு இருக்கிறது. வெர்தியேயின் புத்தகத்தைப் படித்து முடிக்கும்போது, இந்த வாழ்க்கை ஆதி அந்தமில்லாமல் இப்படியே நடந்து வந்தது என்ற மயக்கம் உண்டாகிறது. அது சரியல்ல. பள்ளிக்கூடத்தில் சிவப்பு நூலால் எழுத்துப் போடுவதற்கு முதலில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். ஆண் பெண் இருபாலாருக்கும் படிப்பைக் கட்டாயமாக்கியது 1882ஆம் வருஷத்துச் சட்டம். அந்தச் சட்டத்தின் முதல் பிரிவே பாடங்களை அடுக்கும்போது ஆண் பிள்ளைகளுக்கு ராணுவப் பயிற்சி, பெண் பிள்ளைகளுக்கு ஊசி வேலை என்று எழுதி வைத்திருக்கிறது. எது குண்டூசிப் பாதை, எது துப்பாக்கிப் பாதை என்று குடியரசே தீர்மானித்துவிட்டது. அந்தப் பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் 1914ல் எங்கே போனார்கள் என்பது ஒவ்வொரு பிரெஞ்சுக் கிராமத்திலும் கல்லில் வெட்டியிருக்கிறது. மலிவான பருத்தித் துணியும் தையல் யந்திரமும் கிராமத்து எளிய வீடுகளை எட்டியதும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். பழைய கதை ஒரு பக்கம். அதன் மேலே சட்டமும் யந்திரமும் கொண்டுவந்து போட்ட புது அடுக்கு இன்னொரு பக்கம். கிழவிகளின் பேச்சில் இரண்டும் சேர்ந்து ‘அந்தக் காலம்’ ஆகிவிட்டது. நாம் பாரம்பரியம் என்று கும்பிடும் பலவற்றுக்கும் இப்படி ஒரு பிறந்த வருஷம் இருக்கும். தேடினால் அகப்படும்.

ஸொனபாணின் புத்தகம் இந்த ‘அந்தக் கால’த்தையே ஆராய்கிறது. 1984ல் ஆங்கிலத்தில் வந்தது, சிலர் பார்த்திருக்கலாம். புரட்சி, சாம்ராஜ்யம், குடியரசு என்று நாம் அடுக்கும் வரிசை ஊர்க்காரர்களின் ஞாபகத்தைத் தாங்கும் தூண் அல்ல என்கிறார் அவர். அவர்களுக்குக் காலம் என்பது யார் யாருக்கு உறவு, எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்தக் கல்லறை யாருடையது என்ற கணக்கு. பெரிய சரித்திரத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தை. பெரியப்பா வழி உறவைக் கேட்டால் சாயங்காலம் வரை. இதை நான் ஏற்கிறேன். ஆனால் ஞாபகத்தில் சட்டத்தின் வருஷம் இல்லை என்பதால் அந்தச் சட்டம் அவர்கள் விரல்களில் இல்லை என்று ஆகாது. சரித்திரத்தை மறந்தவர்களும் அதைத்தான் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்புத் தொட்டி விலக்கில் வெர்தியே காண்பது பெண்ணின் சக்தியை. கெடுக்க முடிகிறவளுக்குத்தானே விலக்கு என்பது அவர் தர்க்கம். தர்க்கம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு நீ தொட்டியண்டை போகலாமா என்று மாமியார் கேட்டு, எல்லாருக்கும் நடுவில் பதில் சொல்ல வேண்டியிருந்த பதினெட்டு வயது மருமகளுக்கு அது சக்தியாகத் தோன்றியிருக்குமா? அந்தப் பெண் புத்தகத்தில் பேசவில்லை. பேசுகிறவர்கள் அவள் கிழவியான பிறகு உள்ளவர்கள். விலக்கைத் தாண்டி வந்து, மற்றவர்களை விலக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். அமைப்பியல்காரர்களுக்கு எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்திவிடுகிறது என்பது பழைய குற்றச்சாட்டு. இந்த இடத்தில் அது எனக்கும் உறுத்துகிறது. தையற்காரியின் வீட்டுக்குப் போக மறுத்த பெண்ணும், கிராஸ் ஸ்டிச் வராமல் அழுத பெண்ணும் ஏதாவது ஒரு வருஷம் இருந்திருப்பார்கள்.

நால்வர் அங்கே கேட்டுக்கொண்டிருந்த வருஷங்களில் கேட்கப்பட்டவை முடிந்துகொண்டிருந்தன. 1967ல் ஆன்ரி மாந்த்ராஸ் ‘விவசாயிகளின் முடிவு’ என்றே தலைப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார். டிராக்டர் வந்தது, துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்தார்கள், பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று, பிணத்தைக் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘உதவுகிறவள்’ தனக்குப் பின்னால் ஆள் வைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. துணியைச் சலவை யந்திரம் எந்தக் கிழமையிலும் துவைத்தது, பெரிய வெள்ளி உட்பட. பன்றி இறைச்சி குளிர்பெட்டிக்குள் போனது. அதைத் திறக்க யாரும் நாள் கேட்கவில்லை.

வெர்தியே 1989ல் கார் விபத்தில் இறந்தார். மினோவுக்குப் பிறகு அவர் ஈடுபட்டிருந்தது தாமஸ் ஹார்டியின் நாவல்களில். கிராமத்தில் பழகிய காதோடு அவற்றைப் படித்து, எந்த இடத்தில் ஒரு சடங்கு தவறுகிறது அல்லது அரைகுறையாக நடக்கிறது, அங்கிருந்து ஒரு பாத்திரத்தின் விதி எப்படித் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டுரைகள் 1995ல், அவர் இறந்து ஆறு வருஷம் கழித்துப் புத்தகமாக வந்தன.